ரெண்டு பேரை எங்கே நிறுத்துவது?

"மூணு பேரா நின்னு போட்டோ எடுக்காதீங்க" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். நடுவில் நிற்கிறவருக்கு ஆகாதாம். ஏன் என்று கேட்டால் விளக்கமெல்லாம் கிடையாது, "சொன்னா கேளு" அவ்வளவுதான். வேறு வழியே இல்லாமல் மூன்று பேர் நிற்க வேண்டி வந்தால், பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி யார் இடுப்பிலாவது உட்காரவைத்து நாலு பேராக்கிவிடுவார்கள். இதே பெரியவர்கள் மொய் எழுதப் போனால் நூறு ரூபாய் வைக்க மாட்டார்கள், நூற்றியொன்றுதான். பணத்துக்கு ஒற்றைப்படை, படத்துக்கு இரட்டைப்படை. எந்த சாஸ்திரமோ!

கேமரா பிடிக்கக் கற்றுத்தரும் புத்தகங்களைத் திறந்தால் எல்லாம் தலைகீழ். அங்கே மூன்றுதான் ராஜா. படத்துக்குள் வைக்கிறவை ஒன்று, மூன்று, ஐந்து என்று இருக்கட்டும், இரண்டையும் நான்கையும் தவிர்த்துவிடு என்பது பாலபாடம். ஒற்றைப்படை விதி என்று பெயரே வைத்துவிட்டார்கள். காரணமும் சொல்கிறார்கள். மூன்று இருந்தால் ஒன்று நடுவில் வந்துவிடும், மற்ற இரண்டும் அதற்குத் துணை நிற்கும், பார்க்கிறவர் கண் முக்கோணமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு இருந்தால் கண் இங்கேயும் அங்கேயும் ஓடிவிட்டு, எதில் நிற்பதென்று தெரியாமல் படத்தை விட்டே போய்விடும். நான்கு இருந்தால் ரெண்டு ரெண்டாகப் பிரிந்து படம் பாதியாக உடையும்.

பொய்யில்லை. மேசைமேல் இரண்டு மாம்பழத்தை வைத்து ஒரு படம் எடுத்துவிட்டு, மூன்றாவதைச் சேர்த்து இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஆனால் மாம்பழம் கூடையில் இன்னும் இருக்கும், எடுத்து வைக்கலாம். மனுஷர்களை அப்படிச் சேர்க்க முடியுமா? கல்யாண மேடையில் மாப்பிள்ளை, பெண் என்று இரண்டு பேர்தான். "காம்போசிஷனுக்கு இன்னொருத்தர் வேணும் சார்" என்று கேட்டுப் பாருங்கள், அடிதான் விழும். ஏர் பூட்டிய மாடு ஒரு ஜோடி. பூஜையறையில் குத்துவிளக்கு ஒரு ஜோடி. பாட்டியும் பேத்தியும், முதலாளியும் தொழிலாளியும், சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு நாய்களும் என்று நம் கேமராவுக்கு முன்னால் வருவதில் பாதி ஜோடியாகத்தான் வருகிறது.

என் கட்சி என்னவென்றால், இரட்டைப்படையில் கோளாறு எண்ணிக்கையால் வருவதில்லை, நடுவில் விழுகிற காலியிடத்தால் வருகிறது. மூன்று பேர் நின்றால் படத்தின் நடுவில் ஓர் ஆள் இருக்கிறார். இரண்டு பேர் நின்றால் நடுவில் யாருமில்லை. அந்த இடத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்காமல் பொத்தானை அழுத்துகிற படங்கள்தான் சொதப்புகின்றன.

கேமராவுக்கே இந்தக் குழப்பம் உண்டு. பழைய டிஜிட்டல் கேமராக்களில் ஆட்டோஃபோகஸ் புள்ளியை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு தம்பதியை எடுத்தால், அந்தப் புள்ளி இரண்டு தலைகளுக்கும் இடையே நுழைந்து பின்சுவரைப் பிடித்துக்கொள்ளும். சுவரில் ஒட்டியிருக்கும் பல்லி கூர்மையாகத் தெரியும், தம்பதி புகைமூட்டமாக நிற்பார்கள். முகத்தைக் கண்டுபிடிக்கும் வசதி வந்தபிறகு இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. ஆனாலும் கேமராவை நான் குறை சொல்ல மாட்டேன். நடுவில் இருப்பதுதான் முக்கியம் என்று அது நம்பியது, நடுவில் இருந்தது இடைவெளி.

எண்ணிக்கை பற்றி ஒரு சின்ன விலகல். வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்று ஓர் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர். 1871இல் 'நேச்சர்' இதழில் ஒரு வேடிக்கையான சோதனையை எழுதினார். ஒரு பெட்டிக்குள் அவரை விதைகளைக் கைக்கு வந்தபடி எறிவது, ஒரே பார்வையில் எத்தனை என்று சொல்வது, பிறகு எண்ணிச் சரிபார்ப்பது. தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு ஆயிரம் தடவைக்கு மேல் எறிந்திருக்கிறார். மூன்றிலும் நான்கிலும் ஒருமுறைகூடத் தப்பவில்லை. ஐந்தில் தப்ப ஆரம்பித்தார். அதற்கு மேல் போகப்போகத் தப்பு கூடிக்கொண்டே போனது.

புகைப்படக்காரர்களுக்கு இதில் விஷயம் இருக்கிறது. நாலு வரைக்கும்தான் நம் கண் எண்ணாமலே எண்ணிக்கையை அறிகிறது. அதற்குமேல் "கொஞ்சம்", "நிறைய" என்றுதான் பார்க்கிறது. ஒன்பது புறாவா பத்துப் புறாவா என்று படத்தைப் பார்த்து யாரும் விரல் விடப்போவதில்லை. அப்படியென்றால் ஒற்றைப்படை விதி நிஜமாகவே கடிக்கிற இடங்கள் இரண்டேதான்: இரண்டு, நான்கு.

முதலில் இரண்டு.

பழைய ஸ்டுடியோ படங்களைப் பார்த்திருப்பீர்கள். கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், மனைவி பக்கத்தில் நின்று நாற்காலியின் முதுகில் கை வைத்திருப்பார். சில வீடுகளில் மனைவி உட்கார்ந்து கணவர் நிற்பார். இது மரியாதைக்காக என்று நினைத்துக்கொண்டிருப்போம். அது இருக்கட்டும், அதில் தொழில் நுணுக்கமும் உண்டு. இரண்டு தலைகள் ஒரே மட்டத்தில் இருந்தால் அவற்றுக்கு இடையே தட்டையான ஒரு கோடு ஓடும், கண் அதில் போய் வந்து சலித்துவிடும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் கோடு சாய்ந்துவிடுகிறது, கண் ஏறி இறங்குகிறது. நாற்காலியில் இருக்கும் அந்தக் கை இருவரையும் இணைத்துவிடுகிறது, இடைவெளிக்கு வேலை கொடுத்தாயிற்று. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு படமெடுத்த அந்த ஆட்கள் எந்த விதியின் பெயரையும் சொல்லாமல் இதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஜெர்மனியின் கொலோன் நகரத்தைச் சேர்ந்த ஆகஸ்ட் ஸாண்டர், தன் நாட்டு மக்களை வகைவகையாகப் படமெடுத்துத் தொகுத்தவர். 1920களின் கடைசியில் அவர் எடுத்த இரண்டு குத்துச்சண்டை வீரர்களின் படம் எனக்கு மிகவும் பிடிக்கும். இருவரும் தோளோடு தோள் நிற்கிறார்கள், இருவருக்கும் கையில்லாத பனியனும் அரைக்கால் சட்டையும். விதிப்படி பார்த்தால் செத்த படம். ஆனால் ஒருவர் உயரம், முகத்தில் ஈயாடவில்லை. மற்றவர் குட்டை, வாய் நிறையச் சிரிப்பு. எத்தனை தடவை பார்த்தாலும் கண் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவிக்கொண்டேதான் இருக்கிறது. இரட்டையில் கண் ஓடிக்கொண்டே இருக்கும் என்று புத்தகம் குறையாகச் சொன்னதே, ஸாண்டர் அதையே படத்தின் வேலையாக ஆக்கிவிட்டார்.

வித்தியாசம் பெரிதாக இருந்தால் சுலபம். இல்லவே இல்லையென்றால்? அதற்கு டயான் ஆர்பஸ். நியூ ஜெர்சியின் ரோசெல் ஊரில் எடுத்த இரட்டைச் சிறுமிகள் படம், 1967. ஒரே மாதிரி கருநிற கவுன், ஒரே வெள்ளைக் காலர், ஒரே தலைப்பட்டை. நடுவில் இடைவெளியே இல்லை, ஒட்டிப் பிறந்தவர்களோ என்று தோன்றும் அளவுக்கு நெருங்கி நிற்கிறார்கள். பின்னால் வெறும் சுவர். ஆர்பஸ் எதையும் சாய்க்கவில்லை, உயர்த்தவில்லை, சதுர ஃபிரேமின் நடுவில் நேருக்கு நேர் நிறுத்திவிட்டார். அப்புறம்தான் தெரிகிறது, ஒரு சிறுமியின் உதட்டோரம் லேசாகச் சிரிக்கிறது, மற்றவளுக்கு இல்லை. ஒன்றைப் பார்த்துவிட்டால் அடுத்தது, பிறகு காலுறை, பிறகு கண் என்று ஆறு வித்தியாசங்கள் விளையாட்டில் உட்கார்த்திவிடுகிறார். இரட்டையை அச்சு அசலாக ஒன்றாக்கிக் காட்டினால்தான் ஒன்றாக இல்லாதது வெளியே வரும். இங்கே மூன்றாவது ஆள் ஒருவர் நின்றிருந்தால் நாம் இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கவே மாட்டோம்.

நம் ஊர் சிற்பிகள் இந்தக் கணக்கை எப்போதோ போட்டு முடித்தவர்கள். கருவறை வாசலின் இரண்டு பக்கமும் துவாரபாலகர்கள் நிற்கிறார்கள். ஒருவர் கதையை இந்தப் பக்கம் ஊன்றினால் மற்றவர் அந்தப் பக்கம், உடம்பும் அதற்கேற்ற மாதிரி வளைந்திருக்கும். பல்லவர் காலக் குடைவரைகள் சிலவற்றில் ஒருவர் தலையில் மட்டும் கொம்பு முளைத்த மாதிரி இருக்கும். அது சிவனுடைய சூலத்தின் கிளைகள், மற்றவர் மகுடத்தில் தெரிவது மழுவின் விளிம்பு, இவர்கள் அந்த ஆயுதங்களின் மனித உருவங்கள் என்று சிற்ப ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஜோடிக்குள் ஒரு பேதம். அதைவிட முக்கியம், இருவருக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடம்தான் வாசல், வாசலுக்குள் மூலவர். ரெண்டு பேரும் நிற்பதே நடுவில் இருப்பதற்காகத்தான். கோயிலுக்குப் போகும்போது ஒருவரை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு வராமல், பின்னால் தள்ளி நின்று இருவரையும் வாசலோடு சேர்த்து எடுத்துப் பாருங்கள். கருவறையை எடுக்க அனுமதி இருக்காது, அர்ச்சகர் முறைப்பார், ஆட்கள் வராத மண்டபங்களில் முயற்சி செய்யலாம்.

இடைவெளியை வைத்தே கதை சொன்ன படத்துக்கு என் கையில் இருக்கிற உதாரணம், ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் 1932இல் பிரஸ்ஸல்ஸில் எடுத்தது. நீளமான கித்தான் துணித் தடுப்பு. அந்தப் பக்கம் ஏதோ நடக்கிறது, நமக்குத் தெரியாது. ஒருவர் துணியில் இருக்கும் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் பக்கவாட்டில் வேறெங்கோ பார்க்கிறார், யாராவது பார்த்துவிட்டார்களோ என்பது மாதிரி. இரண்டு பேரின் பார்வையும் சந்திக்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. ஒருவர் பார்வை படத்துக்குப் பின்னால் போகிறது, ஒருவர் பார்வை படத்துக்கு வெளியே போகிறது. ரெண்டு பேரை எடுக்கும்போது இருவரையும் "இங்க பாருங்க" என்று கேமராவைப் பார்க்கவைப்பதுதான் நம் வழக்கம். அந்தப் பழக்கத்தை ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம்.

கொஞ்சம் கருவிச் சமாச்சாரமும் சொல்லிவிடுகிறேன். பின்னணி மங்கலாக வேண்டும் என்று லென்ஸை முழுசாகத் திறந்துவைப்பது இப்போது ஒரு வியாதி. 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்து, 2 மீட்டர் தூரத்தில் நிற்பவரை ஃபுல் ஃபிரேம் கேமராவில் எடுத்தால், கூர்மையாகக் கிடைக்கிற ஆழம் சுமார் 6 செ.மீ.தான். மூக்கு நுனியிலிருந்து காது வரைகூட வராது. ஒற்றை ஆளுக்குப் பரவாயில்லை. இரண்டு பேரில் ஒருவர் அரையடி பின்னால் நின்றுவிட்டால் அவர் கலைந்துவிடுவார், படத்தில் ஒருவர்தான் மிச்சம். எஃப் 5.6க்குப் போனால் ஆழம் 18, 19 செ.மீ. கிடைக்கும். வேண்டுமென்றே ஒருவரைக் கலைப்பது வேறு, அது ஒரு முடிவு. தம்பதிப் படத்தில் அப்படி முடிவெடுப்பவர் வீட்டில் போய் பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

இனி நாலு.

நாலு பேர் என்றால் எனக்கு உடனே ஞாபகம் வருவது இசைத்தட்டு உறைகள். நாலு பேர் கொண்ட ராக் குழுக்கள் அத்தனை இருந்தன, உறையோ பன்னிரண்டு அங்குலச் சதுரம். சதுரத்துக்குள் நாலு முகம் என்பது யாருக்கும் தலைவலிதான்.

1963 ஆகஸ்டில் ராபர்ட் ஃப்ரீமன் பீட்டில்ஸ் குழுவை போர்ன்மத் நகர ஹோட்டல் ஒன்றில் எடுத்தார். கறுப்பு ஸ்வெட்டர், பக்கத்து ஜன்னல் வெளிச்சம், பாதி முகம் இருட்டு. நாலு பேரையும் வரிசையாக வைத்தால் சதுரத்துக்குள் அடங்காது, மேலும் கீழும் காலியாகக் கிடக்கும். அதனால் மூன்று பேரை மேலே வரிசையில் வைத்துவிட்டு ரிங்கோ ஸ்டாரை மட்டும் வலது கீழ் மூலைக்கு இறக்கினார். நாலை மூன்றும் ஒன்றுமாக உடைத்தாயிற்று. 'வித் த பீட்டில்ஸ்' உறை அது. குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர் ரிங்கோ, அதனால்தான் அந்த மூலைக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார் ஃப்ரீமன்.

1974இல் மிக் ராக், குயீன் குழுவின் இரண்டாவது ஆல்பத்துக்கு வேறு வழி கண்டார். மேலே ஒன்று, பக்கங்களில் இரண்டு, கீழே ஃப்ரெடி மெர்க்குரி மார்பில் கைகளைக் குறுக்கே வைத்துக்கொண்டு. வைர வடிவம். இருட்டிலிருந்து முகங்கள் மட்டும் மிதக்கின்றன. மார்லின் டீட்ரிச் 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்துக்காகக் கொடுத்த ஒரு தோற்றத்தைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது. ஒரு நடிகையின் தனிப்படத்திலிருந்து நாலு பேர் படம்!

இந்த இரண்டும் நாலை மறைத்துவைத்த வித்தைகள். 1969 ஆகஸ்ட் 8 அன்று இயன் மாக்மில்லன் மறைக்கவே இல்லை. 'ஆபி ரோட்' ஆல்ப உறைக்காக லண்டனில் அதே பெயர்கொண்ட தெருவின் நடுவே ஏணி போட்டு ஏறி நின்றார், போலீஸ்காரர் ஒருவர் வண்டிகளை நிறுத்திவைத்தார், பீட்டில்ஸ் நால்வரும் வரிக்குதிரைக் கோடுகள்மேல் போய்ப்போய் வந்தார்கள். பத்து நிமிஷ வேலை, மொத்தம் ஆறு படங்கள், தேர்வானது ஐந்தாவது. நாலு பேர், ஏறக்குறைய சமமான இடைவெளி, நேர்வரிசை. எந்தப் புத்தகத்தைப் பின்பற்றினாலும் செய்யக்கூடாத காரியம். இருந்தும் அந்தப் படம் நிற்கிறது. நாலு ஜோடிக் கால்களும் விரிந்து நாலு கூம்புகளாக ஒரே தாளத்தில் போகின்றன, அந்தத் தாளத்துக்கு அடியில் கோடுகள். எல்லோரும் இடது காலை முன்வைக்க, பால் மெக்கார்ட்னி மட்டும் வலது காலை வைக்கிறார், போதாததற்குச் செருப்பும் இல்லை. தாளத்தை நிறுவிவிட்டு ஓர் இடத்தில் தப்பவிட்டால் கண் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அது திட்டமா, தற்செயலா என்று அலசி ஒரு பெரிய வதந்தியே கிளம்பியது, பால் இறந்துவிட்டார் என்று. அது தனிக்கதை, அவர் பிறகும் பாடிக்கொண்டுதான் இருந்தார்.

நாலுக்கு எல்லாவற்றையும் விட நான் மதிக்கிற வேலை நிக்கலஸ் நிக்சனுடையது. தன் மனைவியையும் அவருடைய சகோதரிகள் மூவரையும் 1975 முதல் ஆண்டுக்கொரு படம் எடுத்தார். அதற்கு முந்தைய வருஷமும் ஒன்று எடுத்து, பிடிக்காமல் தூக்கிப்போட்டுவிட்டாராம். தொடங்கியபோது கடைசிப் பெண்ணுக்கு 15 வயது, மூத்தவரான மனைவிக்கு 25. எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம் போடுகிற பெரிய மரப்பெட்டி கேமரா, முக்காலி, கறுப்பு வெள்ளை. 2022 வரை விடவில்லை. 2014இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நாற்பது படங்களையும் வரிசையாக மாட்டியது.

அவர் வைத்துக்கொண்ட கட்டுப்பாடுதான் விசேஷம். இடமிருந்து வலமாக நால்வரும் நிற்கும் வரிசை எந்த வருஷமும் மாறாது. யார் எங்கே நிற்பது என்ற முடிவை முதல் வருஷமே கையிலிருந்து எடுத்துவிட்டார். அப்புறம் மாறுவதற்கு என்ன இருக்கிறது? வயது மாறும், அது தானாக மாறும். மற்றபடி மாறுவதெல்லாம் அவர்களுக்கு இடையே இருக்கும் இடம்தான். முதல் படத்தில் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்கிறார்கள். பின்னால் போகப்போக ஒரு வருஷம் நடுவில் இருப்பவர்கள் ஒட்டிக்கொள்ள ஓரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தனிப்படுகிறார்கள், ஒரு வருஷம் ரெண்டு ரெண்டாகச் சாய்கிறார்கள், ஒரு வருஷம் நாலு முகமும் நெருங்கிக் குவிகின்றன. எதனால் என்று படம் சொல்லாது, தலைப்பில் வருஷமும் ஊரும் மட்டுமே. நாம்தான் அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்ததோ என்று யோசித்துக்கொண்டு நிற்போம். ஐந்து சகோதரிகள் இருந்திருந்தால் நடுவில் ஒருத்தி நிரந்தரமாக ராணி ஆகியிருப்பாள். நால்வரில் யாரும் நடுவில் இல்லை, அதனால் எல்லோருக்கும் சம உரிமை. சில வருஷங்களில் வெயில் பின்னாலிருந்து அடித்து நிக்சனுடைய நிழலும் அவர்கள்மேல் விழுந்திருக்கிறது. ஒற்றைப்படை விதிக்காரர்கள் அதை ஐந்தாவது ஆள் என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

ஆறு, எட்டு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஜெவன்ஸ் சொன்னதுதான். கண் எண்ணாது, கும்பல் பார்க்கும். ஆறு பேரை மூன்றும் மூன்றுமாகப் பிரித்து நடுவில் சந்து விடாமல் இருந்தால் போதும். நாலும் ரெண்டுமாக, அல்லது ஐந்து பேர் ஒன்றாகவும் ஒருவர் விலகியும் நின்றால் பார்க்க நன்றாயிருக்கும். விலகி நிற்பவர் யார் என்று மட்டும் குடும்பப் படங்களில் ஜாக்கிரதை, சம்பந்தி வீட்டார் பார்ப்பார்கள்.

பொருள்களுக்கு வருவோம், முக்கியமாகச் சாப்பாட்டுக்கு. இப்போது தட்டு வந்தவுடன் கை வைக்காமல் மொபைலை எடுப்பதுதான் முறை. டிபன் கடைகளில் ஒரு பிளேட் இட்லி என்றால் ரெண்டு. வட்டமாக, வெள்ளையாக, ஒரே அளவில் ரெண்டு இட்லியை மேலிருந்து எடுத்தால் தட்டு நம்மை முறைத்துப் பார்க்கும், ஆர்பஸ் வந்தாலும் காப்பாற்ற முடியாது. ரெண்டு இட்லி ஒரு வடை என்று சொல்லிவிட்டால் கடைக்காரரே ஒற்றைப்படை ஆக்கிக் கொடுத்துவிடுவார், வடை பொன்னிறமாக வேறு இருக்கும். வடை தீர்ந்துபோச்சு என்றால் ஓர் இட்லியை மற்றதன்மேல் பாதி ஏற்றிவைத்து, தாழ்ந்த கோணத்தில், ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில் எடுங்கள். இல்லையென்றால் ஒன்றைக் கையால் பிட்டுவிட்டு எடுக்கலாம், ஒன்று முழுசு, ஒன்று உள்ளே பஞ்சு தெரிகிற மாதிரி. சாம்பாரை மட்டும் படம் முடிந்தபிறகு ஊற்றச் சொல்லுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் பசியோடு இருந்தால் இந்தக் கலை முயற்சியெல்லாம் ஒரே கிளிக்கோடு முடித்துக்கொள்வது உத்தமம்.